பச்சை மூடி போட்ட டயர்கள்

எங்கள் குடியிருப்பில் யாராவது புதுக் கார் வாங்கினால், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம் காய்வதற்குள் என்னிடம் வந்துவிடுகிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். டயருக்கு நைட்ரஜன் போடலாமா, சாதாரணக் காற்றே போதுமா? நான் விமானப்படையில் டயர் பிரிவில் இருந்தவன். அதன் பிறகு டெல்லியில் ஒரு விருந்தினர் விடுதியின் கார்களைப் பார்த்துக்கொண்டவன். இரண்டையும் முடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்?

போன வாரம் லிஃப்டில் மூன்றாம் மாடி ரேவதி அம்மாள் கேட்டார். "விமானத்துல என்ன பண்ணுவோம்னா..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ சார், நான் மூணாவது மாடியில இறங்கணும். போடலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிடுங்கோ."

சொல்வதற்குள் லிஃப்ட் நின்றுவிட்டது. ஒரு வார்த்தையில் என்னால் சொல்ல முடிந்ததும் இல்லை. இதே கேள்வியில் ஒரு மனிதரின் வேலை தொங்கிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு விமானப்படைக்குப் போனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், இந்தி கற்றோம், சப்பாத்தி சாப்பிடக் கற்றோம். அதன் பிறகு டயர் பிரிவில் போட்டார்கள். வேறு எதிலாவது போட்டிருக்கலாமே என்று முதல் மாதம் வருத்தப்பட்டேன். இரண்டாம் மாதம் ஒரு டயர் நிரப்புவதை முழுதாகப் பார்த்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.

விமானச் சக்கரம் இரண்டு பாதிகளாக வரும். நடுவில் டயரை வைத்து, இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பிறகு அதை இரும்புக் கூண்டுக்குள் உருட்டிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். சிலிண்டரிலிருந்து வரும் நைட்ரஜனைக் கொஞ்சம் ஏற்றி, முழுதும் வெளியே விட்டு, மறுபடி ஏற்றி, மறுபடி விட வேண்டும். ஏற்கெனவே உள்ளே தங்கியிருக்கும் சாதாரணக் காற்றை விரட்டத்தான் இந்தப் பாடு. கடைசியாக முழு அழுத்தத்துக்கு ஏற்றி, வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, அப்படியே ஓர் இரவு விட்டுவிட வேண்டும். புது டயர் உள்ளழுத்தத்தில் சற்று விரியும். விரிந்தால் அழுத்தம் குறையும். காலையில் குறைந்ததை ஈடு செய்த பிறகுதான் அது விமானத்துக்குப் போகும். காற்றேறிய சக்கரத்தின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. வெடித்தால் அந்தப் பக்கமாகத்தான் வெடிக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் எளிமையானது. தரையில் இறங்கும் விமானத்தின் பிரேக் பழுக்கக் காய்கிறது. டயருக்குள் ஆக்சிஜன் இருந்தால் நெருப்புக்குத் தீனி. மேலே போனால் கடும் குளிர்; டயருக்குள் ஈரம் இருந்தால் உறைந்துவிடும். காய்ந்த நைட்ரஜனில் இரண்டு தொல்லையும் இல்லை. அது எனக்கு முழுத் திருப்தி தந்த பதில். அதனால் கார் டயரைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும் என்று எனக்குப் பல வருடங்கள் தோன்றவே இல்லை.

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று, சாணக்யபுரியில் ஒரு நிறுவனத்தின் விருந்தினர் விடுதியில் வாகன மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். பத்துப் பன்னிரண்டு கார்கள். ஓட்டுநர்களை ஓர் ஏஜென்சி அனுப்பும். விடுதியின் நிர்வாகி ராமநாதன் சார். கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார், கார் கழுவுகிறவரைக்கூட. எதைச் சொன்னாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை பேச்சு வராது. பிறகு, "அச்சா. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசை. மழை வரும் என்று சொன்னாலும் இதே கேள்விதான். முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, அவரிடம் ஒன்றைச் சொல்வதற்கு முன் எனக்கே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

ஏஜென்சியின் சார்பில் தினமும் வந்துபோகிறவர் குப்தாஜி. எல்லாக் கார்களுக்கும் நைட்ரஜன் போடலாம் என்ற யோசனை அவருடையது. டயர் சூடாகாது, காற்று இறங்காது, வெடிக்கவே வெடிக்காது என்றார். ராமநாதன் சார் என்னைப் பார்த்தார்.

"கோபால், ஏரோப்ளேன்ல போடறாங்களா?"

"போடறோம் சார்."

அன்றைக்குக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. விமானத்தில் போடுவது காருக்கும் நல்லதுதானே என்று விட்டுவிட்டார். பக்கத்துப் பெட்ரோல் பங்க்கில் எல்லாக் கார்களுக்கும் நைட்ரஜன் ஏறியது. அடையாளத்துக்கு வால்வுகளில் பச்சை மூடி. கார் நிறுத்தும் கொட்டகையில் இந்தியில் ஒரு பலகையும் ஏறியது: பச்சை மூடி டயரில் சாதாரணக் காற்றைக் கலக்கக் கூடாது, கலக்கும் ஓட்டுநர் திருப்பி அனுப்பப்படுவார்.

அதற்குப் பிறகு எங்கள் கொட்டகையில் ஒரு விசித்திரமான பழக்கம் வளர்ந்தது. இறங்காத காற்று என்று பெயர் வாங்கிவிட்டதால் யாரும் டயரைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தாலும், "பச்சை மூடி சார், ஒண்ணும் ஆவாது" என்பார்கள். நான் வாரம் ஒருமுறை காற்றழுத்த அளவுமானியைப் பிடித்துக்கொண்டு சுற்றுவேன். ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். "சாருக்கு இன்னும் ஏரோப்ளேன் ஞாபகம்."

அந்தச் சிரிப்பில் சேராதவர் முருகேசன். விழுப்புரம் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் வீடு. அந்தக் கோடையில் கேம்ப்பை இடிக்கப் போகிறார்கள் என்று உறுதியாகிவிட்டிருந்தது. நகரத்தின் கோடியில் நரேலாவில் சிலருக்கு மாற்று வீடு, சிலருக்கு இல்லை. முருகேசனின் பெயர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்தது. நரேலா கிடைத்தால் அங்கிருந்து சாணக்யபுரிக்கு எப்படி வருவது, கிடைக்காவிட்டால் வாடகைக்கு எங்கே போவது, இரண்டுக்கும் வேலை இருந்தாக வேண்டும் என்று ஒருநாள் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் மதுரா பயணம். விடுதியில் தங்கியிருந்த ஒரு பெரியவரையும் அவர் மனைவியையும் முருகேசன் கோயிலுக்கு அழைத்துப் போனார். மறுநாள் பெரியவர் ராமநாதன் சாரிடம் நேரில் வந்து குறை சொன்னார். நெடுஞ்சாலையில் பின் டயர் கிழிந்து கார் ஆடிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். உங்கள் ஓட்டுநர் வழியில் ஒரு பஞ்சர் கடையில் சாதாரணக் காற்றைப் பிடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன் என்றார்.

குப்தாஜிக்கு அது போதும். டயர் வெடித்தது, காற்றும் கலந்திருக்கிறது. கலந்ததால் வெடித்தது. முருகேசனை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். ஏஜென்சி திருப்பி எடுத்துக்கொண்டால் வேறு இடத்துக்கு அனுப்பாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கலந்தீங்களா?" என்று ராமநாதன் சார் முருகேசனைக் கேட்டார்.

"கலந்தேன் சார்."

குப்தாஜி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முடிந்தது என்று பொருள்.

ராமநாதன் சார் கண்ணாடியைத் துடைத்தார். "குப்தாஜி, கலந்தா வெடிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இந்தியில் கேட்டார்.

சூட்டில் சாதாரணக் காற்று ஊதிப் பெருக்கும், நைட்ரஜன் பெருக்காது, உலகத்துக்கே தெரியும் என்றார் குப்தாஜி. சார் என் பக்கம் திரும்பினார். எனக்கும் உறுதியாகத் தெரியாது என்றேன். இரண்டும் ஒரே மாதிரிதான் பெருக்கும் என்று படித்திருக்கிறேன். சாதாரணக் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். ஆனால் கார் டயரில் அளந்து பார்த்ததில்லை.

"பஸ், போதும். அளப்போம்" என்றார் அவர். முருகேசனை அதுவரை வண்டியெடுக்க வேண்டாம் என்று உட்கார வைத்தார்.

மறுநாள் இரண்டு கார்களின் டயர்களைக் காலி செய்து சாதாரணக் காற்று ஏற்றினேன். வேறு இரண்டு கார்களில் நைட்ரஜன் அப்படியே இருந்தது. காலைக் குளிர்ச்சியில் எல்லாவற்றையும் முப்பத்து மூன்று பவுண்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரே அளவுமானி, ஒரே கை. குப்தாஜி பக்கத்தில் நின்று ஒவ்வொரு தடவையும் முள்ளைக் குனிந்து பார்த்தார். வண்டிகளை அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டு, உச்சி வெயிலில் மறுபடி அளந்தோம்.

சாதாரணக் காற்று இருந்த டயர்கள் மூன்று பவுண்டு ஏறியிருந்தன. நைட்ரஜன் டயர்கள் ஒரு பவுண்டுகூட ஏறவில்லை.

"தேக்கா! ஹவா ஃபூல் கயி!" காற்று ஊதிவிட்டது, பார்த்தீர்களா என்று குப்தாஜி கொட்டகையே அதிரக் கூவினார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த முருகேசன் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. படித்தது பொய்யா? அளவுமானி பழுதா? டயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சாதாரணக் காற்று டயர் கையைச் சுட்டது. நைட்ரஜன் டயர் இதமாக இருந்தது. இதமாக ஏன் இருக்க வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேல் வேப்பமரம்.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய அதிகாரிகளின் வண்டிகள் மரத்தடியில் நிற்கும், மற்றவை வெயிலில். யாரும் எழுதி வைக்காத சட்டம், யாரும் மீறியதும் இல்லை. சாதாரணக் காற்று ஏற்றுவதற்கு அதிகாரிகளின் வண்டியை எடுக்கத் தயங்கி, நான் சின்ன வண்டிகளை எடுத்திருந்தேன். வண்டியோடு சேர்த்து வெயிலையும் நிழலையும் பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

ராமநாதன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெளியே வந்து மரத்தையும் வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மரத்தடியில நிக்கறது யார் வண்டி?"

"உங்களோடது சார்."

"நாளைக்கு என் வண்டியை வெயில்ல போடுங்க. தேக்தே ஹைன், பார்த்துடலாம்."

அடுத்த நாள் இடத்தை மாற்றினோம். இந்த முறை நைட்ரஜன் டயர்கள் மூன்று பவுண்டு ஏறின. நிழலில் நின்ற சாதாரணக் காற்று அசையவில்லை. மூன்றாம் நாள் எல்லா வண்டிகளையும் வெயிலிலேயே நிறுத்தினோம். முள் எல்லாவற்றிலும் ஒரே இடத்துக்குத்தான் போனது. குப்தாஜி அளவுமானியைத் தட்டிப் பார்த்தார். ராமநாதன் சார் வெயிலில் நின்று வெந்திருந்த தன் வண்டிக்குள் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு கேள்விக்கு விடை கிடைத்த சிரிப்பு.

ரேவதி அம்மாளுக்கான பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ந்த நைட்ரஜன் டயரிலிருந்து சற்று மெதுவாக இறங்கும், அது உண்மை. ஆனால் பங்க்கில் ஒரே ஒரு தடவை காலி செய்து ஏற்றுகிறார்கள். விமானத்துக்குச் செய்கிற மாதிரி உள்ளே தங்கிய காற்றை விரட்டுவதில்லை. ஆக, பச்சை மூடி போட்ட முதல் நாளே கலந்தாகிவிட்டது. கலந்தால் கெடுதலும் இல்லை. இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம். எதைப் போட்டாலும் மாதம் இரண்டு முறை, வண்டி ஓடுவதற்கு முன், அளந்து பார்க்க வேண்டும். கார் சக்கரத்தில் விமானத்துச் சூடும் இல்லை, விமானத்துக் குளிரும் இல்லை.

கலந்ததால் வெடிக்கவில்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் ஏன் கிழிந்தது? கிழிந்த டயரைப் பிரித்து உள்பக்கம் தடவினேன். உள்ளங்கையில் கறுப்புப் பொடி ஒட்டியது. பக்கச் சுவர் நெடுக, வளையமாக, மடிந்து மடிந்து தேய்ந்த தழும்பு. குறைந்த காற்றோடு நெடுந்தூரம் ஓடியதன் அடையாளம் அது. வால்வை விரலால் வளைத்தபோது அடிரப்பரில் ஒரு விரிசல் வாய் பிளந்தது. அந்த வழியாகத்தான் மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. நைட்ரஜனானாலும் விரிசல் வழியே போகத்தான் செய்யும்.

ராமநாதன் சார் அந்தப் பொடியைத் தானும் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "அப்போ காத்து கம்மின்னு தெரிஞ்சே ஓட்டியிருக்கார். இது இன்னும் மோசம் இல்லையா கோபால்?"

குப்தாஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சாரின் குரல் புரிந்தது. ஆமோதித்துத் தலையாட்ட ஆரம்பித்தார்.

முருகேசனைக் கூப்பிட்டோம். முதல் நாள் "கலந்தேன்" என்ற ஒரு சொல்லோடு விசாரணை நின்றுவிட்டிருந்தது. எப்போது கலந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"டயர் கிழிஞ்சப்புறம் சார். ஸ்டெப்னிய மாட்டினேன். அதுவும் பச்ச மூடி, அதுலயும் காத்து பாதிதான் இருந்துச்சு. உருட்டிக்கினே ஒரு பஞ்சர் கடைக்குப் போயி அடிச்சேன். வண்டில வயசானவங்க. வேற இன்னா பண்றது?"

"கிழியறதுக்கு முன்னாடி? காத்து இறங்கினது தெரியலையா?" என்றார் ராமநாதன் சார்.

"தெரிஞ்சுது சார். பல்வல் தாண்டறப்பவே வண்டி இழுத்துச்சு. எறங்கிப் பாத்தேன். ஒரு பங்க்ல போயி நைட்ரஜன் இருக்கான்னு கேட்டேன். 'நஹீன் பையா, ஹவா ஹை'ன்னான். அடுத்த பங்க்லயும் காத்துதான். சரி, ஹோடல்னு அடுத்த ஊரு, அங்க இருக்கும்னு மெதுவா ஓட்டினேன். அங்க போறதுக்குள்ள கிழிஞ்சிருச்சு."

"காத்து சும்மா குடுத்தான். பிடிக்க வேண்டியதுதானே?" என்றார் சார் மறுபடியும்.

முருகேசன் பலகையைக் கையால் காட்டினார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காத்து அடிச்சிருந்தா வேல போயிருக்கும். அடிக்கல, அதனால வேல போவுது. எது பண்ணா வேல இருக்கும்னு சொல்லுங்க சார், அத பண்றேன். ஊட்டுக்கும் இதே கததான். இருந்தாலும் இடிப்பாங்களாம், காலி பண்ணாலும் இடிப்பாங்களாம்."

ராமநாதன் சார் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கத்தைவிட நெடுநேரம் துடைத்தார். துடைத்த பிறகும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை குப்தாஜி முருகேசனுக்குப் பதிலாக ஒரு புது ஆளின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டில் நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். டயரைப் பற்றி இரண்டு பக்கம் ஓடியது. முருகேசனுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரியும் எழுத முடியவில்லை.

மறுநாள் காலை ராமநாதன் சார் ஒன்பது மணிக்கே கொட்டகைக்கு வந்தார். "கோபால், எனக்கு மதுரா போகணும். முருகேசன் வரட்டும். அதே வண்டி."

அவருக்கு மதுராவில் எந்த வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும். கிழிந்த டயருக்குப் பதில் நல்ல டயர் மாட்டியிருந்தது. குப்தாஜி தன் புது ஆளோடு வந்து நின்றார். நிலைமை புரியாமல் இருவரும் ஓரமாக ஒதுங்கினார்கள்.

முருகேசன் சாவியை வாங்கினார்; உடனே உட்காரவில்லை. என்னிடம் அளவுமானியைக் கேட்டார். நான்கு சக்கரமும் பார்த்து, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியும் பார்த்தார். முன்பக்கத்து ஒன்றில் குறைவு. ராமநாதன் சார் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன் பச்சை மூடியைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, சாதாரணக் காற்று அடிக்கும் எங்கள் கம்ப்ரஸரின் குழாயை இழுத்தார். குழாயை வால்வில் வைப்பதற்கு முன் ஒரு கணம் நின்றார். காற்று ஏறும் சத்தம் கேட்டது.

வண்டி போனதும் குப்தாஜி என்னிடம் வந்தார். சாருக்கு மதுராவில் என்ன வேலை என்று இந்தியில் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மதியம் போன் வந்தது. ராமநாதன் சார். "கோபால், இப்போ முப்பத்தேழு காட்டுது. ஓடி ஓடிச் சூடாயிருக்கு, இல்லே? நானே இறங்கிப் பாத்தேன். அச்சா, இன்னொண்ணு. அந்த போர்டை எடுத்துடுங்க. யார் போட்டதுன்னு யாராவது கேட்டா, நான் போட்டேன், நானே எடுக்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

பிறகு போனை முருகேசனிடம் கொடுத்தார். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"சார், நாங்க வர லேட்டாவும். சாரு ஒவ்வொரு பங்க்லயும் நிறுத்தச் சொல்றாரு. எறங்கி டயரத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு. டீ வேற வாங்கிக் குடுக்கறாரு."

"உங்க விஷயம் ஏதாவது பேசினாரா?"

முருகேசன் குரலைத் தாழ்த்தினார். "வேல இருக்கா இல்லியான்னு நான் கேக்கல சார். நாளைக்கு ஜெய்ப்பூர் டூட்டி யாருக்குன்னு மட்டும் கேட்டேன். 'உங்களுக்குத்தான், காலையில டயர் பாத்துட்டுக் கிளம்புங்க'ன்னாரு."